இரண்டால் தேறிய எண்

வாய்மொழித் தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தபோதுதான் அமலி அந்தத் தப்பைக் கண்டுபிடித்தாள்.

சனிக்கிழமை முற்பகல். துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளியிருந்த வீட்டில் அவள் மட்டும்தான் இருந்தாள். கணவன் பெனடிக்ட், தேர்வு நாளன்று வருகிறவர்களுக்குச் சாப்பாடு சொல்லிவிட்டு வரப் போயிருந்தான். தேர்வு வைக்க வருகிறவருக்கும் வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கும் பட்டம் வாங்கப் போகிறவள்தான் இலை போட வேண்டும் என்பது எங்கும் எழுதி வைக்காத வழக்கம்.

அமலி பீளமேட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணக்கு நடத்துகிறாள். நாற்பது தாண்டிவிட்டது. வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து பத்து வருடம் ஓடிப்போயிற்று. பத்து வருடமும் ஒரே ஒரு எண்ணோடு.

இரண்டை இரண்டால் திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டே போய், வந்ததில் ஒன்றைக் கழித்து, அதிலிருந்து தெரிந்த சின்னக் காரணிகளை எல்லாம் வகுத்து வெளியேற்றிய பிறகு மிஞ்சிய எண் அது. நாலாயிரத்துச் சொச்சம் இலக்கங்கள். அது ஒரு பகா எண், அதாவது ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண் என்பதுதான் அவளுடைய ஆய்வேட்டின் அஸ்திவாரம். அது பகா எண்ணாக இருந்தால், அதை வைத்துக் கட்டிய இன்னொரு எண்ணின் வகுத்திகளைக் கூட்டும்போது, இப்படி ஒரு கூட்டுத்தொகை வரவே வராது என்று நெடுங்காலமாக நம்பியிருந்த ஒன்று வந்து நிற்கும். ஆறு வருடத்துக்கு முன்னால் அதை ஒரு ஆய்விதழில் வெளியிட்டாள். வழிகாட்டிப் பேராசிரியர் அழகிரிசாமி துறைக்கே லட்டு வாங்கிக் கொடுத்தார்.

அன்று அவள் செய்ய நினைத்தது சின்ன வேலை. தேர்வில் காட்டும் படங்களில் ஒன்றில் அந்த எண்ணை முழுதாகப் போட வேண்டும் என்று ஆசை. பொடி எழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு தடவையாவது எல்லாரும் அதை முழுசாகப் பார்க்கட்டும். அதற்காகப் பழைய புரோகிராமைப் புது லேப்டாப்பில் ஏற்றினாள். ஏற்றியது ஏற்றினோம், சோதனையையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்று ஓட்டினாள்.

இத்தனை பெரிய எண்ணைக் காரணி தேடிப் பார்த்து முடியாது. உலகத்துக் கம்ப்யூட்டர்களை எல்லாம் சேர்த்தாலும் ஆகாது. அதனால் சுற்றுவழியில் சோதிப்பார்கள். இரண்டு, மூன்று, ஐந்து என்று ஏதாவது ஒரு சின்ன எண்ணை எடுத்து, ஒரு குறிப்பிட்ட அடுக்குக்கு உயர்த்தி, பெரிய எண்ணால் வகுத்தால், பெரிய எண் பகா எண்ணாக இருந்தால் கட்டாயம் மீதி ஒன்று வரும். வராவிட்டால் அது பகா எண் இல்லை. அப்பீலே கிடையாது. இந்தச் சின்ன எண்களுக்குச் சாட்சி என்று பெயர். ஒரு சாட்சி பொய் சொல்லக்கூடும் என்பதால் பல சாட்சிகளைக் கூப்பிட்டு விசாரிப்பது முறை. அமலியின் புரோகிராம் முப்பது சாட்சிகளை விசாரித்தது. முப்பதும் ஒன்று என்றே சொல்லின.

அன்றைக்கும் அப்படித்தான் சொல்லின. ஆனால் புது லேப்டாப்பில், ஒவ்வொரு சாட்சிக்கும் கணக்கின் நடுவில் வரும் இலக்கங்களும் திரையில் ஓடின. முதல் சாட்சிக்கு வந்த இலக்கங்களே இரண்டாவதுக்கும் வந்தன. மூன்றாவதுக்கும் அதேதான். அமலி திரையை மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். முப்பதும் ஒரே மாதிரி.

சாட்சியை மாற்றச் சொல்லும் வரியில், முதல் வருடம் சரிபார்ப்பதற்காக அவளே போட்டிருந்த ‘2’ அப்படியே கிடந்தது. முப்பது சாட்சிகள் இல்லை. ஒரே சாட்சி முப்பது தடவை கூண்டில் ஏறியிருக்கிறது.

அந்த ஒரு சாட்சிக்கும் மதிப்பில்லை என்பது அவளுக்குச் சட்டென்று உறைத்தது. இந்த எண் பிறந்ததே இரண்டிலிருந்து. இந்தக் குடும்பத்து எண்கள், பகா எண்ணோ பகு எண்ணோ, இரண்டை வைத்துச் சோதித்தால் எப்போதும் தேறிவிடும். இதை அவளே எம்.எஸ்ஸி. பிள்ளைகளுக்குப் பலகையில் எழுதி நிரூபித்துக் காட்டியிருக்கிறாள். சொந்தத் தாயைச் சாட்சிக்குக் கூப்பிட்ட மாதிரி.

இரண்டை அழித்துவிட்டு மூன்று என்று போட்டாள். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. ஒன்று வர வேண்டிய இடத்தில் திரை நிறைய இலக்கங்கள் வந்து கொட்டின. ஐந்து போட்டாள். ஏழு போட்டாள். பதினொன்று போட்டாள். இலக்கங்கள், இலக்கங்கள். எங்கேயும் ஒன்று இல்லை.

பகு எண். பத்து வருடமாகப் பகு எண்.

பெனடிக்ட் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது அவள் நாற்காலியில் அப்படியே இருந்தாள்.

“சாப்பாட்டுக்குச் சொல்லிப்போட்டேன் அமலி. கேசரியா, பாயாசமான்னு கேட்டாங்க. பாயாசம்னு சொல்லிட்டேன். என்ன, மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?”

அவள் சொன்னாள். முதலில் கணக்காகச் சொன்னாள். அவன் பம்ப்செட் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருப்பவன்; கணக்கு புரியவில்லை, அவள் முகம் புரிந்தது. பிறகு எளிதாகச் சொன்னாள்.

“அந்த நம்பர் உடையுமுங்க. உடையாதுன்னு எழுதியிருக்கறேன். உடையும்.”

“எதால உடையும்?”

“தெரியாது.”

“தெரியாம எப்படி உடையும்னு சொல்றே?”

“அதுதாங்க இதுல கொடுமை. உடையும்னு மட்டும் தெரியும். எதால உடையும்னு யாராலயும் சொல்ல முடியாது.”

பெனடிக்ட் கட்டிலில் உட்கார்ந்தான். வெளியே காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி தக்காளி விலையைச் சொல்லிக்கொண்டே தெருவைத் தாண்டிப் போனது. “வேற யாருக்காச்சும் தெரியுமா?” என்று கேட்டான்.

“ஆறு வருஷமா அச்சுல கிடக்குது. ஒரு நிமிஷ வேலை. ஒருத்தரும் போட்டுப் பார்க்கலை.”

“அப்ப இன்னும் ஒரு வாரத்துல மட்டும் யாரு போட்டுப் பார்க்கப் போறாங்க?”

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் முகத்தில் தந்திரம் ஏதும் இல்லை. பயம்தான் இருந்தது.

திங்கட்கிழமை அழகிரிசாமியின் அறைக்குப் போனாள். அவர் நல்ல மனுஷர். அவளுடைய அப்பா இறந்தபோது கருமத்தம்பட்டி வரை வந்து கல்லறையில் மண் போட்டுவிட்டுப் போனவர். அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறார். அவள் லேப்டாப்பைத் திறந்து மேசையில் வைத்து நடந்ததைச் சொல்லி முடிக்கும் வரை அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நீங்களே மூணை வச்சு ஒருதரம் ஓட்டிப் பாருங்க சார். இதோ, இந்தப் பட்டனை அமுக்கினாப் போதுமுங்க.”

அவர் பட்டனை அமுக்கவில்லை. லேப்டாப்பை மெதுவாக மூடி அவள் பக்கம் நகர்த்தினார்.

“நான் பார்க்கலை அம்மணி. பார்த்தா எனக்குத் தெரிஞ்சதா ஆயிரும்.”

“சார்...”

“அந்தப் பேப்பர்ல என் பேரும் இருக்குது. அதை வச்சு இன்னும் ரெண்டு பேரு தீசிஸ் எழுதிட்டு இருக்கறாங்க. ரெண்டு பேருக்கும் வயசாயிட்டிருக்குது. உன்னோட தீசிஸைப் படிச்சவங்க ரெண்டு பேரும் பிரமாதம்னு ரிப்போர்ட் அனுப்பிட்டாங்க. இப்பப் போயி இதைக் கெளறுனா யாருக்கு என்ன லாபம், சொல்லு.”

“லாபத்துக்குச் சொல்லலைங்க சார். தப்புங்க சார் அது.”

“தப்புத்தான். அந்த நம்பருக்கு ஒண்ணும் ஆகிறப் போறதில்லை. நமக்குத்தான் ஆகும்.” அவர் குரல் இறங்கிப்போயிற்று. “டாக்டரேட் இல்லாதவங்களை இந்த வருஷத்தோட வேலையை விட்டு எடுக்கப் போறாங்கன்னு மேனேஜ்மென்ட்ல பேச்சு ஓடுது. உனக்கே தெரியும். ஊட்டுக்குப் போயி யோசி அம்மணி.”

யோசிப்பதற்கு என்ன இருந்தது? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் யோசிக்கவே இல்லை. உள்ளே ஒன்றும் ஓடவில்லை. சாவு வீட்டில் முதல் நாள் இருக்குமே, கை கால் எல்லாம் யாருடையதோ போல, அப்படி இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் விடுப்பெடுத்திருந்தாள். சாப்பிட வந்த பெனடிக்ட் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினான்.

“நீ அங்க போயி சொல்லத்தான் போறே, இல்ல?”

“சொல்லாம எப்படிங்க நிக்கறது?”

“நான் ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்காதே. கலியாணமான புதுசுல கொழந்தை பத்திப் பேசினோம். ரிஜிஸ்டர் பண்ணியிருக்கறேன், கொஞ்சம் போகட்டும்னே. சரின்னேன். அப்புறம் பேப்பர் வரட்டும்னே. சரின்னேன். பேப்பர் வந்துச்சு. டாக்டரம்மாகிட்டப் போனோம். இனிமே கஷ்டம்னு சொல்லிட்டாங்க. அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நான் உன்னை ஒரு வார்த்தை கேட்டிருப்பனா?”

“இல்லைங்க.”

“அந்த நம்பருக்காகத்தான்னு மனசைத் தேத்திக்கிட்டேன் அமலி. அதுவும் இல்லைன்னு இப்பச் சொல்றே. அப்ப எதுக்காக?”

கை கழுவப் போனவன் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓட ஓட, கையை நீட்டாமலே நின்றிருந்தான்.

தேர்வு அன்று அரங்கு ஓரளவு நிறைந்திருந்தது. துறை ஆசிரியர்கள், வேறு வேலை இல்லாமல் அனுப்பப்பட்ட மாணவர்கள், பின்வரிசையில் நீலச் சட்டையில் பெனடிக்ட். உடன் வேலை பார்க்கும் ரிஃபானா பூங்கொத்தும் சால்வையும் வாங்கித் தயாராக வைத்திருந்தாள். “பயப்படாதீங்க மேடம், உங்களுக்கு இது சும்மா” என்று காதில் சொல்லிவிட்டுப் போனாள். புறத்தேர்வாளர் ஹைதராபாத்திலிருந்து காலை விமானத்தில் வந்திருந்தார். மத்தியான விமானத்துக்கே திரும்ப வேண்டும் என்று வந்தவுடன் சொன்னார். விமான நிலையம் பக்கத்தில்தான் என்று அழகிரிசாமி அவருக்கு இரண்டு தடவை உறுதி கொடுத்தார்.

அமலி முதல் நான்கு இயல்களையும் விளக்கினாள். குரல் தானாகப் போனது. ஐந்தாவது இயலுக்கு வந்தபோது, நாலாயிரத்துச் சொச்சம் இலக்கங்களும் திரையில் சாம்பல் நிற எறும்புக் கூட்டம் போல வந்து நின்றன. அவள் திரும்பி அதைப் பார்த்தாள். பிறகு அரங்கைப் பார்த்தாள்.

“இந்த எண் பகா எண் என்று ஆய்வேட்டில் எழுதியிருக்கிறேன். அது உண்மையில்லை. என் புரோகிராமில் தப்பு இருந்திருக்கிறது. மூன்றை வைத்துச் சோதித்தபோது இது பகு எண் என்று தெரிந்துவிட்டது. ஐந்தாவது இயலின் தேற்றம் நிற்காது. அதை நம்பி எழுதிய ஆறாவது இயலும் நிற்காது.”

பொய் சொல்லக் கூடாது என்ற வைராக்கியத்தில் அவள் இதைச் சொல்லவில்லை. யாராவது ஒருவர் அதைக் கேட்டு ஐயோ என்று எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது. செத்துப்போனதைச் செத்துப்போனது என்று இன்னொரு வாயும் சொல்ல வேண்டும் போலிருந்தது. அழகிரிசாமி தலையைக் குனிந்துகொண்டார். பெனடிக்ட் கண்ணை மூடிக்கொண்டான்.

புறத்தேர்வாளர் கைபேசியிலிருந்து நிமிர்ந்தார். சிரித்த முகம். ஆங்கிலத்தில் பேசினார். இப்படி வெளிப்படையாக ஒத்துக்கொள்வது ஓர் ஆய்வாளருக்கு இருக்க வேண்டிய நல்ல குணம் என்றார். இதனால் ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை, பங்களிப்பு என்பது முறையில்தான் இருக்கிறது, எண்ணில் இல்லை என்றார். ‘பகா எண்ணாகும்’ என்ற இடத்தில் எல்லாம் ‘பகா எண்ணாக இருக்குமாயின்’ என்று திருத்திக்கொள்ளச் சொன்னார்.

அமலிக்குத் தான் சொன்னது அவர் காதில் சரியாக விழவில்லையோ என்று தோன்றியது. “சார், அது பகா எண் இல்லை. இருக்குமாயின் என்று எழுத இடமே இல்லை. இல்லை என்று தெரியும்.”

“அப்படியானால் எதிர்கால ஆய்வு என்று கடைசியில் ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள்” என்றார் அவர். சிறு திருத்தம்தான், வழிகாட்டியே பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடலாம். வேறு யாருக்காவது கேள்வி உண்டா என்று அரங்கைப் பார்த்துக் கேட்டார்.

யாருக்கும் இல்லை. கூரைக்கு மேலே ஒரு விமானம் தாழப் பறந்து போனது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்து அடங்கின. அந்தச் சத்தம் அடங்கியதும் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். பின்வரிசையில் பெனடிக்ட் எழுந்து நின்று தட்டினான். அவன் கன்னம் நனைந்திருந்தது.

ரிஃபானா சால்வையைப் போர்த்தினாள். படம் எடுத்தார்கள். திரையை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. படங்களில் எல்லாம் அமலியின் தலைக்குப் பின்னால் அந்த எண் தெரிந்தது. இலை முன்னால் உட்கார்ந்தபோது அழகிரிசாமி அவள் பக்கம் சாய்ந்து, “பார்த்தியா அம்மணி, நாமதான் வீணாப் பயந்துக்கிட்டோம்” என்றார். பாயாசக் கிண்ணத்தை எடுத்தவர் குடிக்காமலே கீழே வைத்தார். அவருக்கு அவள் ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது. “ஆமாங்க சார்” என்றாள்.

பட்டம் வந்துவிட்டது. அவள் ஆய்விதழுக்கு எழுதினாள்: கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், காரணம் இது. கடிதம் போய்ச் சேராமல் திரும்பி வந்தது. இதழின் இணைய முகவரியைத் திறந்தால் பல் கட்டும் ஆஸ்பத்திரி விளம்பரம் வந்தது. இதழ் நின்று போய் மூன்று வருடமாகிறது என்று விசாரித்தபோது தெரிந்தது. தப்பைத் திருப்பி வாங்கிக்கொள்ளக்கூட எதிரில் ஆள் இல்லை. அந்தக் கட்டுரையைப் பிடித்துக்கொண்டு ஆய்வேடு எழுதும் இருவரிடமும் போய்ச் சொன்னாள். ஒருவர், சார் சொல்லட்டும் மேடம், மாத்திக்கலாம் என்றார். இன்னொருவர் அதற்குப் பிறகு அவளைக் கண்டால் வராந்தாவில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிவில் சாமியார் அறிவிப்புகளை வாசித்தார். யாருக்கு யாரோடு கலியாணம் என்று சொல்லும் திருமண ஓலை மூன்று, தெருவாரியாகக் கூடும் அன்பியக் கூட்டம், கடைசியில், நம் பங்குக் கோயிலைச் சேர்ந்த திருமதி அமலி பெனடிக்ட் எண்களைப் பற்றிய பெரிய ஆராய்ச்சிக்காக முனைவர் பட்டம் பெற்றிருக்கிறார் என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். அவள் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. கும்பிட்டாள். பீடத்துப் பூக்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வருமோ என்று பார்த்தாள். வரவில்லை. உள்ளே அழுகிற இடமும் காய்ந்துவிட்டது போலிருந்தது.

அவள் செய்துகொண்டிருந்தது ஒன்றே ஒன்று. பழைய கம்ப்யூட்டரில் அந்த எண்ணுக்குக் காரணி தேடும் புரோகிராம் ஒன்றைப் போட்டு ஓடவிட்டிருந்தாள். கிடைக்காது என்று தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு சின்னக் காரணி அகப்படலாம். இல்லாவிட்டால் இரண்டு பேருடைய ஆயுளும் போதாது. ஆனாலும் எதனால் உடைகிறது என்றாவது தெரிந்தால் தேவலை என்றிருந்தது. கல்லூரியிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றாமலே போய்த் திரையைப் பார்ப்பாள். ‘காரணி இல்லை’ என்று இருக்கும். அடுத்த சுற்று ஓடிக்கொண்டிருக்கும். பெனடிக்டும் அதைப் பார்த்துவிட்டுப் போவான்.

பிறகு ஒரு நாள் அவன் கருங்கல் பலகை ஒன்றைச் செய்து கொண்டுவந்தான். பொன்னெழுத்தில் ‘முனைவர் அமலி பெனடிக்ட்’ என்று வெட்டியிருந்தது. கூடவே கம்பெனியிலிருந்து டிரில்லிங் மெஷினும்.

“வேண்டாமுங்க” என்றாள் அமலி.

“ஏன்?”

“அதைப் பார்த்துட்டே தெனமும் உள்ள வரோணுமே.”

அவன் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தான். அவன் கத்தியதே இல்லை. அப்போதும் கத்தவில்லை.

“உனக்கு அது நம்பர் அமலி. எனக்கு அது பத்து வருஷம். என் பங்குக்கு நான் பார்க்கறதுக்கு ஏதாச்சும் ஒண்ணு வேணுமில்ல? வேற என்ன இருக்குது இந்த ஊட்டுல?”

அவன் ஒயரை இழுத்துப் பார்த்தான். பலகை மாட்ட வேண்டிய கேட் தூணுக்கு உள் அறையிலிருந்து எட்டவில்லை. முன்னறையில் இருந்த ஒரே பிளக்கில் பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“இதைக் கழட்டிக்கட்டுமா?” என்று உள்ளேயிருந்து கேட்டான்.

ஓடிக்கொண்டிருக்கும் சுற்று பாதியில் நின்றுவிடும். சேமித்து வைக்க ஒரு நிமிடம் போதும். அமலி வாசலில் நின்றபடியே தெருவைப் பார்த்தாள். பள்ளிக்கூட வேன் ஒன்று எதிர்வீட்டுப் பிள்ளைகளை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தது.

“கழட்டிக்கங்க” என்றாள்.

உள்ளே கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தம் நின்றது. அவன் ஒயரை நீட்டிக்கொண்டு வந்து ஸ்டூலைப் போட்டான். தரை சமமாக இல்லை, ஸ்டூல் ஆடியது.

“கொஞ்சம் புடிச்சுக்கோ.”

அவள் குனிந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மேலே மெஷின் அலறியது. செங்கல் தூள் அவள் தலையிலும் கழுத்திலும் சூடாக விழுந்துகொண்டே இருந்தது. துளை போட்டு முடித்து, அவன் இறங்கும் வரை அவள் கையை எடுக்கவில்லை.